வங்கியின் கையாக நின்ற நாட்கள்

எழுத்து என் வேலை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஓ.எல். வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஸ்டோர் சீட்டுகளில் சாமானின் பெயரும் அளவும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் கதைக்கவே கூச்சப்படுகிறவன், அச்சில் வரப்போகும் ஒன்றை எழுத உட்கார்ந்தது எனக்கே பொருத்தமாகத் தெரியவில்லை. எங்கள் மட்டை ஆலையின் நலன்புரிச் சங்கத்து மலரில் பக்கம் நிரப்ப வேறு ஆள் கிடைக்காமல் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

கேட்டவர் இப்போது ஸ்டோரைப் பார்க்கும் றிப்கான். ஆலைக்குப் புதுப் பொயிலர் வருகிறதாம். அதற்கும் வட்டியில்லாத முறையில்தான் வங்கி உதவுகிறதாம். முன்பு ஒரு பம்பு வாங்கியபோது என்னை நியமித்ததுபோல அவரையும் வங்கியின் வகீலாக நியமித்திருக்கிறார்கள். வகீல் என்றால் இன்னொருவருக்குப் பதிலாக நின்று காரியம் பார்ப்பவர். றிப்கான் வீட்டுக்கு வந்து, "காக்கா, நான் என்ன செய்யலாம், என்ன செய்யப்படா? நீங்க செஞ்ச ஆள்தானே," என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார். தேத்தண்ணி ஆறிப்போகும் வரைக்கும் எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பம்பு விசயத்தில் நான் சரியாகச் செய்தேனா, பிழையாகச் செய்தேனா, உண்மையில் ஏதாவது செய்தேனா என்பதுகூட எனக்கு இன்றைக்கும் தெளிவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதித் தந்தால் அவராவது விளங்கிக்கொள்ளலாம்.

நான் முதலில் ஆலையின் வைக்கோல் முற்றத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுவடை முடிந்ததும் நாவிதன்வெளி, சொறிக்கல்முனைப் பக்கமிருந்து உழவு இயந்திரப் பெட்டிகளில் வைக்கோல் வரும். அதை நிறுத்து, ஈரம் பார்த்து இறக்குவது என் வேலை. வைக்கோலைச் சுண்ணாம்போடு அவித்து, அரைத்து, தடித்த மட்டையாக்குவோம். புத்தக அட்டைக்கும் சப்பாத்துப் பெட்டிக்கும் அது போகும். அவித்த பிறகு மிஞ்சுவது கறுப்புத் தண்ணி. தேயிலைச் சாயத்தை விடக் கறுப்பு, மணமும் பொல்லாதது. அது தொட்டியில் தங்கி, தொட்டி நிறைந்தால் வாய்க்காலுக்குப் போகும். வாய்க்காலிலிருந்து எங்களுக்கு வைக்கோல் தந்தவர்களின் வயலுக்கே போகும். சில வருடம் முற்றத்தில் நின்ற பிறகு என்னை ஸ்டோருக்கு எடுத்தார்கள். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

என்னை எடுத்தவர் மனேஜர் அருளானந்தம் சேர். கல்முனையில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவர். கூலியாளையும் 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். குரல் உயராது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் ஸ்டோரில் எல்லாரும் ஏதாவது வேலை தேடிக்கொள்வோம். ஒரு சாமான் இருக்கிறது என்று நான் சொன்னால், "கண்டீங்களா, கேட்டீங்களா?" என்பார். கேட்டேன் என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். வெளியிலிருந்து வரும் எந்தச் சாமானும் நான் கையால் தொட்டு, திறந்து பார்த்து, பொறுப்பெடுத்தேன் என்று ஒப்பமிடும் வரைக்கும் அவருக்கு அது வாசலில் நிற்கிற சாமான்தான். ஆலையின் சாமான் அல்ல. இந்தப் பழக்கத்தால்தான் பிறகு என் தலையில் அந்த வகீல் வேலை விழுந்தது.

சுனாமிக்கு முந்தியே சேர் ஒரு திட்டம் தயாரித்து வைத்திருந்தார். தொட்டியைப் பெரிதாக்கி, வடிகட்டி வைத்து, கறுப்புத் தண்ணியைத் திருப்பி ஆலைக்குள்ளேயே இழுத்துப் பாவிக்க ஒரு பெரிய பம்பு பூட்டுவது. வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. சுற்றாடல் வேலை என்பதால் ஒரு வங்கி சலுகை வட்டியில் கடன் தரச் சம்மதித்திருந்தது. முதலாளி ஒப்பமிடுவது மட்டும்தான் மிச்சம். அப்போது கடல் வந்தது.

ஆலை உள்ளுக்கு இருந்ததால் அதற்கு ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் முதலாளி ஹாஜியாரின் தம்பி குடும்பம் கடற்கரையோரம் இருந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை. இறந்தவர்களுக்காகக் கத்தம் ஓதி முடிந்து அவர் ஆலைக்கு வந்த முதல் நாள், சேர் அந்தக் கடதாசிகளை மேசையில் விரித்து வைத்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனவன், வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்றேன்.

"சேர், இதில நான் ஒப்பமிட மாட்டன்," என்றார் ஹாஜியார். "தம்பிட ஊட்டில கதவு நிலை மட்டும்தான் நிண்டது. அதப் பாத்துக்கிட்டு அல்லாஹ்ட்ட ஒண்டு சொல்லிட்டன். இனி வட்டி எடுக்கவும் மாட்டன், குடுக்கவும் மாட்டன்."

இது சலுகை வட்டி, பேருக்குத்தான் வட்டி என்று சேர் சொன்னார்.

"அந்தப் பேருக்குத்தான் சேர் நான் பயப்பிர்றன்."

சேர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கடதாசிகளை மெதுவாக அடுக்கி உள்ளே வைத்தார். ஹாஜியார் செய்தது அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைப் பற்றி அவர் கோபப்படுவதுமில்லை. எனக்கு இரண்டு பேரும் சரியாகத் தெரிந்தார்கள். அப்படித் தெரிவதுதான் எனக்கு எப்போதும் உள்ள கஷ்டம்.

அந்த ஒப்பம் விழாததால் தண்ணி பழையபடி வயலுக்குப் போனது. வாய்க்கால் வாயில் முதல் வயல் சொறிக்கல்முனை நாகமணி அண்ணனுடையது. எங்களுக்கு ஒவ்வொரு போகமும் வைக்கோல் தருகிறவர். கறுப்புத் தண்ணி தேங்கினால் இளம் பயிர் வேரோடு அழுகும். அடுத்தடுத்து இரண்டு பெரும்போகம் அவருக்கு அப்படிப் போனது. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. வைக்கோலை இறக்கிக்கொண்டே, "உங்கட ஆலைக்கு என்ட வைக்கோலும் வேணும், என்ட வயலும் வேணும். என்ன மட்டும்தான் வேணாம்," என்று சிரித்தபடி சொல்லுவார். கடைசியில் சுற்றாடல் அலுவலகத்துக்கு முறைப்பாடு செய்தார். ஹாஜியார் அவரைத் தேடி வயலுக்கே போய், அடுத்த பெரும்போகத்துப் பயிரைக் கறுப்புத் தண்ணி தொடாது என்று வாக்குக் கொடுத்தார். நாகமணி அண்ணன் அதை நம்பி மறுபடியும் விதைத்தார்.

அந்த நேரத்தில்தான் வேறொரு வங்கி வட்டியில்லாத பிரிவு ஒன்று தொடங்கியது. அதிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய இளம் அலுவலர் ஒருவரும், மார்க்க விசயம் பார்க்கும் மௌலவி ஒருவரும் ஆலைக்கு வந்தார்கள். வங்கி காசு தராது. பம்பை வங்கியே வாங்கும். வாங்கி, தன் லாபத்தை வைத்து ஹாஜியாருக்கு விற்கும். ஹாஜியார் தவணையில் கட்டலாம். இதை அலுவலர் படம் கீறி விளக்கினார். இயந்திரங்களைப் பூட்டித் திருத்துகிற பிற்றர் சிவலிங்கம், காரைதீவு ஆள், வாய் சும்மா இருக்காது. "அப்ப வங்கியும் கடை போட்டிட்டுதா? நல்லது, சாமான் மாத்திக் கேக்கலாம்," என்றார்.

இதற்கும் வட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று சேர் கேட்டார். கிண்டலாக அல்ல, அறிந்துகொள்ள. மௌலவி சொன்னார்: வாங்கியதற்கும் விற்பதற்கும் இடையில் கொஞ்ச நேரம் பம்பு உண்மையாகவே வங்கிக்குச் சொந்தம். அந்த நேரத்தில் இடி விழுந்து எரிந்தாலும் நட்டம் வங்கிக்குத்தான். அந்தப் பயத்தைச் சுமப்பதால்தான் லாபம் ஹலாலாகிறது.

"அப்ப அந்தக் கொஞ்ச நேரத்திலதான் எல்லாம் கிடக்கு?" என்றார் சேர்.

"ஓம், அந்தக் கொஞ்ச நேரத்திலதான்."

அந்த நேரத்துக்கு வங்கிக்காகப் பம்பைப் பொறுப்பெடுக்க ஒரு ஆள் வேண்டும். வங்கிக்கு இங்கே ஆள் இல்லை. சேர் என் பெயரைச் சொன்னார். மௌலவி என்னை அருகில் கூப்பிட்டு, பம்பு வந்ததும் பார்க்க வேண்டும், பொறுப்பெடுக்க வேண்டும், தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்றார். அதன் பிறகு வங்கி 'விற்றேன்' என்று சொல்லி, ஹாஜியார் 'வாங்கினேன்' என்று சொல்லும் வரைக்கும் யாரும் அதைப் பாவிக்கக் கூடாது. "அந்த நேரத்தில நீங்க ஆலையின்ர ஆள் இல்ல. வங்கியின்ர கை," என்றார். சம்பளம் ஆலையில், கை வங்கியில். நான் தலையாட்டினேன், விளங்கித்தான் ஆட்டினேனா தெரியாது. அன்றிலிருந்து முற்றத்துப் பொடியன்கள் என்னைக் கண்டால், "எழும்புங்கடா, வங்கி வருது," என்பார்கள். சிவலிங்கம் பீடி கேட்பதற்குக் கூட, "வங்கி, ஒரு கடன் கிடைக்குமா?" என்பார்.

பம்பு கொழும்பிலிருந்து வரவேண்டும். யுத்த காலத்தில் ஒரு மோட்டர் வருவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி ஏற்ற வேண்டும். என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. வங்கியும் நாங்களும் அந்தக் கணக்கிலேயே இருந்தோம். ஆனால் அப்போது யுத்தம் முடிந்திருந்தது. லொறி எங்கும் நிற்காமல் நேரே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடிய வாசலில் நின்றது. கூடவே பம்பு விற்ற கொம்பனியின் ஆட்களும் வந்திருந்தார்கள். பூட்டிக் கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்ப வேண்டுமாம்.

நான் பம்பைச் சுற்றிப் பார்த்தேன். தொட்டேன். வங்கிக்காகப் பொறுப்பெடுத்தேன் என்று ஒப்பமிட்டேன். அலுவலருக்குத் தொலைபேசி எடுத்தால் யாரும் தூக்கவில்லை. இறக்கி வைக்கலாம், பூட்டலாம், ஓட்ட மட்டும் கூடாது என்பது ஏற்கனவே பேசியது. ஆகவே சங்கிலிக் கப்பியால் தூக்கி அத்திவாரத்தில் இருத்தினார்கள். குழாயும் வயரும் பூட்டினார்கள். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு.

எங்கள் ஆலையில் எந்தப் புது இயந்திரம் வந்தாலும் ஒரு பழக்கம் உண்டு. தமிழாட்கள் நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைப்பார்கள். எங்கள் முஸ்லிம் ஆட்களில் ஒருவர் பாத்திஹா ஓதுவார். வாழைப்பழம் பங்கிட்டு, இயந்திரத்தை ஒருமுறை சுற்ற விட்டு நிறுத்துவார்கள். யாரும் யாரையும் கேட்டுச் செய்வதில்லை. சிவலிங்கம் நாட்காட்டியைப் பார்த்து, ராகு காலம் வரப்போகுது, அதுக்கு முதல் ஒருக்காச் சுத்தட்டும் என்றார். தேங்காய் உடைந்தது. ஓதினார்கள். சிவலிங்கம் சுவிட்சைப் போட்டார். தொட்டியிலிருந்து கறுப்புத் தண்ணி குழாயில் ஏறி ஆலைக்குள் போவதைக் கண்டு எல்லாரும் கை தட்டினார்கள்.

நான் ஸ்டோர் வாசலில் நின்றேன். சேர் தன் கந்தோர் அறையில், ஹாஜியார் ஊரில். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைவு. சத்தம் வரவில்லை. நல்ல நேரத்துக்குச் சுற்றுவது பாவிப்பதில் சேராது என்று அப்போதே நினைத்தேனா, பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேனா, பிரித்தறிய முடியவில்லை.

வாழைப்பழத் தோல் கூட்டி முடியவில்லை, தொலைபேசி வந்தது. பம்பு வந்ததா, பழுதில்லையா என்று அலுவலர் கேட்டார். வந்தது, பழுதில்லை என்றேன். யாரும் பாவிக்கவில்லையே என்றார்.

"ஓடினது," என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

"தேங்கா உடைச்சி வாழப்பழம் திங்கிற நேரம்."

அவர் தொலைபேசியை மௌலவியிடம் கொடுத்தார்.

"ஆர் ஓட்டச் சொன்ன?"

"ஒருவரும் சொல்லல்ல, ஹஸ்ரத்."

"நீங்க வேணாமெண்டு சொன்னீங்களா?"

"சொல்லல்ல."

"சரியெண்டு சொன்னீங்களா?"

"அதுவும் சொல்லல்ல."

"அப்ப என்னதான் செஞ்ச?"

"நிண்டன்."

அவர் ஏசவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினார். நான் நின்றதை அனுமதி என்று எடுத்தால், வங்கி தன் பம்பைத் தானே ஓட்டிப் பார்த்ததாகிவிடும், குற்றமில்லை. அனுமதி இல்லை என்று எடுத்தால், வங்கியின் சாமானை ஆலை கேட்காமல் எடுத்துப் பாவித்ததாகும். அப்படியானால் இந்த வியாபாரம் இப்படியே நடக்க முடியாது. கலியாணத்தில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுப்போம். வியாபாரத்தில் அப்படி எடுக்கலாமா என்பதைத் தன்னை விடப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார். சனி, ஞாயிறு வங்கி இல்லை. திங்கட்கிழமை சொல்லுவார்கள். அதுவரைக்கும் பம்பை ஓட்ட வேண்டாம்.

இந்தக் கதை முற்றம் முழுக்கப் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. "வங்கி இல்லடா, மணப்பொண்ணு," என்று புதுப் பெயர் வைத்தார்கள். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வந்தார். சிவலிங்கம் அவர் முன்னால் போய், நல்லதுக்குத்தான் செய்தேன் என்று தலை குனிந்து நின்றார். "எனக்குத் தெரியும் சிவலிங்கம்," என்றார் ஹாஜியார். "நான் திங்கள் வரைக்கும் பொறுத்து இரிக்கன்." என்னை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே மழை பிடித்தது. வழமையான காலத்துக்கு முந்திய மழை. ஹாஜியார் அவிக்கும் வேலையை நிறுத்தச் சொன்னார். ஆலையிலிருந்து புதுத் தண்ணி வரவில்லை. ஆனால் மழைத் தண்ணியே தொட்டியை நிரப்பியது. சனிக்கிழமை முழுக்க மண் மூட்டை அடுக்கினோம். வயலுக்கு இறைக்கிற சின்னப் பம்பு ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். வைக்கோல் நார் இழுத்து அடைத்துக்கொண்டது. கழுவிக் கழுவிப் போட்டும் சரிவரவில்லை. புதுப் பம்பு பக்கத்திலேயே நின்றது. யாரும் அதன் பக்கம் பார்க்காத மாதிரி வேலை செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அசர் தொழுகை நேரத்துக்குக் கிட்ட நாகமணி அண்ணன் வரம்பு வழியாக வந்தார். முழங்கால் வரை சேறு. தொட்டியைப் பார்த்தார். மண் மூட்டைகளுக்கு இடையால் ஒரு விரல் தடிப்பில் கறுப்புத் தண்ணி கசிந்து வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பம்பைப் பார்த்தார்.

"பூட்டிக் கிடக்கு. கரண்டும் கிடக்கு. ஏன் ஓடாமக் கிடக்கு?"

சேர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நாகமணி அண்ணன் இடையில் கதைக்காமல் கேட்டார்.

"அப்ப இது ஹாஜியார்ர பம்பு இல்ல?"

"இல்ல. வங்கியின்ர."

"வங்கி எங்க?"

சேர் என்னைக் காட்டினார். நாகமணி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கட்டியிருந்த சாரம் முழுக்கச் சேறு. "தம்பிதானா?" என்றார். சிவலிங்கம் கூடச் சிரிக்கவில்லை.

ஹாஜியார் அவருக்குக் கிட்டப் போய், நட்டம் வந்தால் தான் பொறுப்பு என்று தொடங்கினார். நாகமணி அண்ணன் கையைத் தூக்கி நிறுத்தினார். "நட்டத்தக் கதைக்காதீங்க ஹாஜியார். பயிர் நிக்கும் எண்டுதான் வாக்குத் தந்தனீங்க. வட்டி உங்கட மறுமைக் கணக்கு, நான் குறுக்க வரல்ல. என்ட பயிர் இண்டைக்குப் பொழுது படுறதுக்குள்ளக் கணக்கு முடிச்சிரும்."

"ஒரு நாள் தாங்க நாகமணி. விடிஞ்சா வங்கி சொல்லிரும்."

"என்னட்ட இல்ல, தண்ணியிட்டக் கேளுங்க."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தொட்டியையே பார்த்தார். அந்த மனிதரை அப்படி நான் ஒருநாளும் காணவில்லை. ஒரு வாக்கு கடலைப் பார்த்துக் கொடுத்தது. இன்னொன்று வயலில் வைத்துக் கொடுத்தது. இரண்டும் அவருடைய வாக்குகள்.

அப்போது சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். என் முன்னால் வந்து நின்றார். எத்தனையோ வருடம் பழகிய என்னிடம், புது ஆளிடம் கதைப்பது போலக் கதைத்தார்.

"கலீல், நான் ஆலையின்ர மனேஜர். வங்கியிட்டக் கேக்கிறன். பம்ப ஓட்டவா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஹாஜியாரும் பார்த்தார். தடுக்கிற பார்வை இல்லை, கெஞ்சுகிற பார்வையும் இல்லை. நான் என்ன சொல்வேன் என்று அவருக்கும் கேட்க வேண்டும் போலிருந்தது. ஓம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை; மௌலவி வேண்டாம் என்றிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் கண்ணெதிரே வயல் போகும். நாகமணி அண்ணன் அங்கேயே நிற்கிறார். நான் குனிந்தேன். வெள்ளிக்கிழமை நான் நின்றது வேறு. அன்றைக்குப் பேசாமல் நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தெரியும். தெரிந்துகொண்டு நின்றேன்.

சேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. பிறகு யாரையும் கூப்பிடாமல் தானே போய்ச் சுவிட்சைப் போட்டார். பம்பு இழுத்தது. ஹாஜியார் திரும்பி, தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செய்ய நீர்க்குழாயடிக்குப் போனார். நாகமணி அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தன் வாய்க்கால் வாயை அடைக்க இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு சேர் அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. ஹாஜியார் மட்டும், பல மாதம் கழித்து, ஸ்டோருக்கு வந்து ஏதோ ஆணி கேட்டுவிட்டுப் போகப் போனவர் நின்றார். "கலீல், அண்டைக்கு நீ மனசில என்ன சொன்ன? ஓட்டு எண்டா, ஓட்டாத எண்டா?"

எனக்குத் தெரியாது ஹாஜியார் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"தெரிஞ்சா எனக்கு ஒருக்காச் சொல்லு," என்றுவிட்டுப் போனார். அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போகும் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

றிப்கானுக்கு இதில் என்ன பிரயோசனம் என்று நான் அறியேன். வகீல் என்றால் பேசுகிறவராக இருப்பது நல்லது என்று சொல்லலாம். ஆனால் நான் அன்றைக்குப் பேசியிருந்தால் எந்தச் சொல்லைப் பேசியிருப்பேன்? அதை அவரிடம் சொல்ல முடியாமல்தான் தேத்தண்ணி ஆறியது.

சேர் பம்பை ஓட்டிய அடுத்த நாள், திங்கள் காலையில், மழை விட்டிருந்தது. தொலைபேசி வந்தது. வெள்ளிக்கிழமை ஓடியதைப் பெரியவர்கள் குற்றமாக எடுக்கவில்லை என்று மௌலவி சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் ஓடியது, யார் கேட்டார், நான் எப்படி நின்றேன் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து அலுவலர் தொலைபேசியை வாங்கி, ஹாஜியாரைக் கூப்பிடச் சொன்னார். அவர் விற்றேன் என்றார். ஹாஜியார் வாங்கினேன் என்றார். நாகமணி அண்ணனின் வயலில் வாய்க்காலோடு ஒட்டிய ஒரு வரவை, வரம்பு கட்டிய ஒரு வயல் துண்டு, கறுத்திருந்தது. மற்ற வரவைகளில் பயிர் நின்றது.